கம்மி பட்ஜெட்ல ஃபோனோ ப்ரீஆம்ப்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

டர்ன்டேபிளைப் பிரிச்சு, ஊசி எடையெல்லாம் பொறுமையா செட் பண்ணி, ஆம்ப்ல ஆக்ஸ்னு போட்டிருக்கற சாக்கெட்ல சொருகி ரெக்கார்டைச் சுத்த விட்டா, வால்யூமை முக்கால்வாசி திருப்பியும் பாட்டு தகர டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி சன்னமா கேக்கும், பேஸ் சுத்தமா இருக்காது, ஸ் ஸ்னு ட்ரெபிள் மட்டும் முன்னாடி வந்து நிக்கும். உடனே டர்ன்டேபிள்ல கோளாறுன்னு திருப்பி அனுப்பிடாதீங்க. நடுவுல ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப் வேணும், அவ்ளோதான். ஆனா எதை வாங்கறதுன்னு பாக்கப் போனா அங்கதான் தலை சுத்தும், ஏன்னா பாக்க எல்லாமே உள்ளங்கை அளவு டப்பா, விலை மட்டும் ஒண்ணுக்கு ஒண்ணு மடங்கு மடங்கா ஏறிக்கிட்டே போகும். நான் இந்த கம்மி விலை வரிசைலயே சில டப்பாக்களை மாத்தி மாத்தி போட்டு வருஷக்கணக்கா கேட்டிருக்கேன், அதுல எனக்கு உறுதியா தெரிஞ்சது ஒண்ணுதான்: எந்த டப்பா சவுண்ட் சூப்பர்ங்கறது ரெண்டாவது கேள்வி, உங்க கார்ட்ரிட்ஜுக்கு, அதாவது ஊசி மாட்டியிருக்கற, அதோட அசைவை மின் சிக்னலா மாத்தற அந்தச் சின்ன பாகத்துக்கு, எது பொருந்தும்ங்கறதுதான் முதல் கேள்வி.

இந்த டப்பா என்ன வேலை பண்ணுதுன்னு தெரிஞ்சா மத்ததெல்லாம் புரிஞ்சிடும். ரெக்கார்டு வெட்டும்போது பேஸை அப்படியே வெட்டினா பள்ளம் ரொம்ப அகலமாகி பக்கத்துப் பள்ளத்துல இடிக்கும், அதனால பேஸைக் குறைச்சு ட்ரெபிளை ஏத்தி வெட்டறாங்க. திருப்பி வாசிக்கும்போது பேஸை ஏத்தி ட்ரெபிளை இறக்கணும், அப்படி இறக்கும்போது ரெக்கார்டோட மேற்பரப்பு இரைச்சலும் சேர்ந்து இறங்கிடும், அது இன்னொரு லாபம். 1954ல இதுக்கு ஆர்ஐஏஏ கர்வ்னு ஒரே அளவு வந்துச்சு. 20 ஹெர்ட்ஸ்ல கிட்டத்தட்ட 19 டெசிபல் ஏத்தணும், 20 கிலோஹெர்ட்ஸ்ல கிட்டத்தட்ட அதே அளவு இறக்கணும், அதாவது ஒரு முனைல ஒன்பது மடங்கு கூட்டி இன்னொரு முனைல ஒன்பது மடங்கு குறைக்கறது. இது முதல் வேலை. ரெண்டாவது வேலை, கார்ட்ரிட்ஜ்ல இருந்து வர்ற வெறும் 4, 5 மில்லிவோல்ட்டை ஆம்ப் எடுத்துக்கற அளவுக்கு நூறு மடங்கு பெருக்கறது. இந்த ரெண்டையும் இரைச்சல் சேர்க்காம ஒழுங்கா பண்ணிட்டா போதும், அது நல்ல ப்ரீஆம்ப். இதைப் பண்றதுக்கு இன்னைக்கு பெரிய செலவு தேவையில்ல, சிக்னலைப் பெருக்கற நல்ல ஆப் ஆம்ப் சிப்பெல்லாம் எப்பவோ சல்லிசாயிடுச்சு.

காசை எடுக்கறதுக்கு முன்னாடி ஏற்கனவே உங்ககிட்ட ஒண்ணு இருக்கான்னு பாருங்க. டர்ன்டேபிளுக்குப் பின்னாடி ஃபோனோ, லைன்னு ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தா உள்ளயே ப்ரீஆம்ப் இருக்குன்னு அர்த்தம், ஆடியோ டெக்னிகாவோட எல்பி60எக்ஸ், எல்பி120எக்ஸ் யுஎஸ்பி ரெண்டுலயும் இருக்கு. ரேகா பிளானர் 1ல கிடையாது, டெக்னிக்ஸ் 1200லயும் கிடையாது. பழைய ஸ்டீரியோ ஆம்ப்ல ஃபோனோன்னு தனி சாக்கெட்டும் பக்கத்துல ஒரு கிரவுண்ட் திருகும் இருந்தா அதை முதல்ல போட்டுக் கேளுங்க, 70கள்லயும் 80கள்லயும் வந்த ஆம்ப்கள்ல ஃபோனோ பகுதியைத்தான் முக்கியமா கவனிச்சு செஞ்சாங்க, ஏன்னா அப்போ மெயினா கேட்டதே ரெக்கார்டுதான், பழைய கெப்பாசிட்டர் ஏதும் போகாம இருந்தா இன்னைக்கு கம்மி விலைல வர்ற நிறைய டப்பாவோட அது தாராளமா சமமா நிக்கும். சில பவர்ட் ஸ்பீக்கர்லயும் ஃபோனோ சாக்கெட் வருது. ஒண்ணே ஒண்ணு, ரெண்டு ப்ரீஆம்ப் ஒரே நேரத்துல வேலை செய்யக் கூடாது. டர்ன்டேபிள் ஸ்விட்சை லைன்ல விட்டுட்டு வெளில இன்னொரு டப்பாவும் போட்டா பேஸ் ரெண்டு தடவை ஏறி, சத்தம் நூறு மடங்கு அதிகமாகி, எல்லாம் கிழிஞ்சு கொழகொழன்னு கேக்கும். எனக்கு நெருங்கின நண்பர் ஒருத்தர் இதனாலயே புது ஊசி வாங்கிட்டார், ஊசில ஒண்ணுமே தப்பில்ல, ஸ்விட்ச் அந்தப் பக்கம் இருந்துச்சு.

அப்போ உள்ளயே இருக்கறது போதுமா, வெளில தனியா வாங்கணுமா? எல்பி60எக்ஸ் மாதிரி கார்ட்ரிட்ஜே மாத்த முடியாத மாடலா இருந்தா உள்ள இருக்கறதே போதும், தனி டப்பாவுக்குக் கொடுக்கற காசுக்கு அங்க பலன் வராது. எல்பி120எக்ஸ் மாதிரி கார்ட்ரிட்ஜ் மாத்தக்கூடிய டர்ன்டேபிளா இருந்தா வெளில ஒண்ணு வாங்கறதுல அர்த்தம் இருக்கு, ஆனா முதல் மாசமே அவசரப்பட வேணாம், உள்ள இருக்கறதுலயே கேட்டுப் பழகுங்க, அப்பறம் மாத்தும்போதுதான் என்ன மாறுதுன்னு உங்களுக்கே தெரியும்.

அடுத்தது எம்எம்மா எம்சியா. எம்எம்னா மூவிங் மேக்னட், எம்சின்னா மூவிங் காயில், ரெண்டும் கார்ட்ரிட்ஜ் வகைதான். மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் 3ல இருந்து 6 மில்லிவோல்ட் வரைக்கும் கொடுக்கும், அதுக்கு 40 டெசிபல் கெயின் போதும், அதாவது நூறு மடங்கு பெருக்கல். லோ அவுட்புட் மூவிங் காயில் அதுல பத்துல ஒரு பங்குதான் கொடுக்கும், டெனான் டிஎல்103 வெறும் 0.3 மில்லிவோல்ட், அதுக்கு 60 டெசிபல் வேணும், அதாவது ஆயிரம் மடங்கு. ஆயிரம் மடங்கு பெருக்கும்போது டப்பாவோட சொந்த இரைச்சலும் கூடவே வெளில வரும், அதனால கம்மி விலைல நல்ல எம்சி ப்ரீஆம்ப் செய்யறது கஷ்டம். நீங்க எம்எம் தான் வச்சிருக்கீங்க, ரெண்டு மூணு வருஷத்துக்கு எம்சி பக்கம் போற எண்ணமில்லன்னா எம்சி வசதிக்காக ஒரு பைசா கூட சேர்த்துக் கொடுக்காதீங்க. என்னைக்காவது உதவும்னு வாங்கி வச்சு அந்த ஸ்விட்சைத் தொடாமலே வச்சிருக்கறவங்கதான் அதிகம்.

இப்போ வர்றதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படற விஷயம், வாங்கறவங்க பெரும்பாலும் பாக்காம விடறதும் இதைத்தான். கெப்பாசிடன்ஸ், அதாவது மின் சார்ஜைத் தேக்கி வைக்கற குணம், பிகோஃபாரட்ல அளப்பாங்க. எம்எம் கார்ட்ரிட்ஜ் உள்ள ஆயிரக்கணக்குல சுத்தின காயில் இருக்கு, அதோட இண்டக்டன்ஸும் (கரண்ட் மாறறதை எதிர்க்கற குணம், மில்லிஹென்றில அளக்கறது), ஊசியைத் தாங்கற டோன்ஆர்மோட வயர், கேபிள், ப்ரீஆம்ப் மூணோட கெப்பாசிடன்ஸும் சேர்ந்து ஏதோ ஒரு ஃப்ரீக்வென்சில ஒத்ததிரும். அது எங்க விழுதுங்கறதைப் பொறுத்து ட்ரெபிள் இனிமையாவும் இருக்கலாம், காதைக் குத்தவும் செய்யலாம். ஒரு கணக்கு பாருங்க: ஆடியோ டெக்னிகா விஎம்95இ காயில் 550 மில்லிஹென்றி, மொத்த கெப்பாசிடன்ஸ் 200 பிகோஃபாரட்னா ஒத்ததிர்வு 15 கிலோஹெர்ட்ஸ் கிட்ட விழும், 500 ஆயிடுச்சுன்னா 10 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழ இறங்கிடும். அப்படி இறங்கினா சிம்பல், ச, ஷ வர்ற இடமெல்லாம் துருத்திக்கிட்டு நிக்கும், அதுக்கு மேல இருக்கறதெல்லாம் சட்டுனு காணாம போயிடும். கேக்கறவங்க கார்ட்ரிட்ஜ் மோசம், ரொம்ப பிரைட்டுனு கார்ட்ரிட்ஜ் மேல பழி போடுவாங்க.

விஎம்95இக்கு கம்பெனியே சொல்ற அளவு 100ல இருந்து 200 பிகோஃபாரட். ஆர்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 150ல இருந்து 300. இதுல கேபிளும் ஆர்ம் வயரும் மட்டுமே சாதாரணமா ஒரு 120, 150 எடுத்துக்கும். மீதி எவ்ளோ இருக்குன்னு பாருங்க, ஆடியோ டெக்னிகாவுக்கு ஐம்பதோ எண்பதோதான். ப்ரீஆம்ப் உள்ள 220 போட்டிருந்தா அளவு அப்பவே தாண்டியாச்சு, அதே டப்பா 2எம் ரெட்டுக்கு அவ்ளோ மோசமா இருக்காது. ஒரே ப்ரீஆம்ப்பை ஒருத்தர் ஆஹாங்கறதும் இன்னொருத்தர் காது வலிக்குதுங்கறதும் பல சமயம் இதனாலதான், ரெண்டு பேருமே அவங்கவங்க கேட்டதைத்தான் சொல்றாங்க. அதனால வாங்கறதுக்கு முன்னாடி ஸ்பெக்ஸ்ல இன்புட் கெப்பாசிடன்ஸ்னு ஒரு வரி இருக்கான்னு தேடுங்க, இம்பீடன்ஸ் 47 கிலோஓம்னு எல்லாருமே போடுவாங்க, அது எம்எம் எல்லாத்துக்கும் பொது, கெப்பாசிடன்ஸ் வரியைப் போடாம விட்டிருந்தா நான் அந்த மாடலைக் கடைசில தான் பாப்பேன். கேபிளையும் சின்னதா வைங்க, டர்ன்டேபிளுக்கும் ப்ரீஆம்ப்புக்கும் நடுவுல ஒரு மீட்டருக்கு மேல வேணாம், நீளம் வேணும்னா ப்ரீஆம்ப்புக்கும் ஆம்ப்புக்கும் நடுவுல வச்சுக்கலாம், அங்க அது பாதிக்காது.

சரி, மாடலுக்கு வருவோம்.

அடிமட்ட விலைல பெஹ்ரிங்கர் பிபி400. கெயினை மாத்த முடியாது, கெப்பாசிடன்ஸை மாத்த முடியாது, எம்எம் மட்டும். ஒரு பழைய டர்ன்டேபிள் ஓடுதான்னு பாக்கணும், ரெக்கார்டு பிடிக்குமா பிடிக்காதான்னே இன்னும் தெரியல, அப்படிப்பட்டவங்களுக்கு இது சரி. கூடவே வர்ற அடாப்டரை சிக்னல் கேபிள்கிட்ட இருந்து தள்ளி வைங்க. இதுக்கு மேல எதிர்பார்த்து வாங்க வேணாம்.

அதுக்கு ஒரு படி மேல ஆர்ட் டிஜே ப்ரீ 2. கம்மி பட்ஜெட்னு யாராவது என்கிட்ட கேட்டா நான் முதல்ல சொல்றது இதைத்தான், ரொம்ப வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன், இன்னும் மாத்தத் தோணல. காரணம் சவுண்ட் இல்ல, சவுண்ட் சுத்தமா இருக்கு அவ்ளோதான், காரணம் அதுல இருக்கற மூணு வசதி. கெப்பாசிடன்ஸ் 100, 200னு ஒரு ஸ்விட்ச். கெயின் ட்ரிம்னு திருகற குமிழ். காதுக்கு எட்டாத ரொம்ப அடி அதிர்வுகளை வெட்டற லோ கட் ஃபில்டர். இந்த மூணும் ஒண்ணா இந்த விலைல கிடைக்கறது அபூர்வம், இதைவிட ரொம்ப அதிகம் விலை சொல்ற சில டப்பால கூட இதுல ஒண்ணுமே இருக்காது. கெயின் குமிழ் ஏன் முக்கியம்னா, கார்ட்ரிட்ஜுக்குக் கார்ட்ரிட்ஜ் அவுட்புட் அவ்ளோ மாறும். டிஜேக்கள் பயன்படுத்தின ஷூர் எம்44-7 ஒன்பதரை மில்லிவோல்ட் கொடுக்கும், அதை நூறு மடங்கு பெருக்கினா சாதாரண லெவலே ஒரு வோல்ட் பக்கம் வந்துடும், சத்தமான இடத்துல அதுக்கு மேல பல மடங்கு பாயும், கெயின் மாத்த முடியாத சின்ன டப்பா அங்க கிளிப் ஆயிடும், அதாவது தாங்க முடியாம சத்தம் கிழியும். கிளிப் ஆகுதான்னு காட்டவும் முன்னாடி ஒரு லைட் இருக்கு. குறைன்னு சொன்னா டப்பா பாக்க ஸ்டுடியோ சாமான் மாதிரி இருக்கும், வரவேற்பறை ஷெல்ஃப்ல அழகா இருக்கணும்னு நினைக்கறவங்களுக்குப் பிடிக்காம போகலாம், குமிழ் முன்னாடியே இருக்கறதால யாராவது தெரியாம திருப்பிடவும் செய்வாங்க.

அடுத்த வகை, எதையும் மாத்த வேணாம், சொருகினா வேலை செய்யணும்னு நினைக்கறவங்களுக்கான டப்பா. ப்ரோஜெக்ட் ஃபோனோ பாக்ஸ் இ, கேம்ப்ரிட்ஜ் ஆல்வா சோலோ, ரெண்டுமே எம்எம் மட்டும். இதுல ஆல்வா சோலோவை நான் கொஞ்சம் மேல வைப்பேன், பின்னாடி பேலன்ஸ் குமிழ் ஒண்ணு கொடுத்திருக்காங்க. கார்ட்ரிட்ஜ்ல இடது வலது சேனல் ஒரே அளவு வர்றதில்ல, கம்பெனியே ஒன்று ஒன்றரை டெசிபல் வித்தியாசம் இருக்கலாம்னுதான் ஸ்பெக்ஸ்ல போடறாங்க, நிறைய புது ஆம்ப்ல பேலன்ஸ் குமிழே கிடையாது, பாடறவர் குரல் எப்பவும் ஒரு ஓரமா சாஞ்சே கேக்கும். அது உங்களை உறுத்துற ஆளா நீங்க இருந்தா அந்தச் சின்ன குமிழுக்காகவே வாங்கலாம்.

இதுக்கு மேல ஷீட் மானி 2, ஐஃபை ஜென் ஃபோனோ. ரெண்டுலயும் எம்சி உண்டு. மானி 2ல கெயின் 33, 42, 48, 60னு நாலு படி, கூடவே கார்ட்ரிட்ஜுக்கு ஏத்த மாதிரி இன்புட்டை மாத்தற லோடிங் ஸ்விட்சும் இருக்கு. ஜென் ஃபோனோல 36ல ஆரம்பிச்சு 72 வரைக்கும் போகலாம், லோ கட் மாதிரியே சப்சோனிக் ஃபில்டர் இருக்கு. எம்சி கைல இருந்தா, இல்ல நிச்சயமா வாங்கப் போறீங்கன்னா இங்க வாங்க, அதுக்கு முன்னாடி வேணாம். எம்எம் மட்டும் வச்சு கேட்டப்போ டிஜே ப்ரீ 2ல இருந்து இந்த வகைக்கு மாறினா இரைச்சல் கொஞ்சம் அடங்குது, பாட்டு முடிஞ்சு அடுத்தது தொடங்கற அந்த இடைவெளில அது தெரியும், பாட்டு ஓடும்போது எனக்கு தெரியல. ரெக்கார்டோட பள்ளத்து இரைச்சலே அதைவிட அதிகம்.

யுஎஸ்பி வேணுமா? ரெக்கார்டை கம்ப்யூட்டர்ல ஏத்தி வைக்கணும்னா ரேகா ஃபோனோ மினி ஏ2டி மாதிரி யுஎஸ்பியோட வர்றது வசதிதான். ஆனா ஏற்கனவே ஆடியோ இன்டர்ஃபேஸ் இருக்கறவங்க சாதாரண ப்ரீஆம்ப்பை அதோட லைன் இன்புட்ல கொடுத்தாலே போதும். ஒரு பத்து ரெக்கார்டு ஏத்திட்டு அப்பறம் அந்த சாக்கெட்டைத் தொடவே மாட்டீங்கன்னு தோணுச்சுன்னா அதை மறந்துடுங்க.

ஃபில்டர் பத்தி தனியா சொல்லணும். என் ஸ்பீக்கர் முன்னாடி இருக்கற துணி மூடியை ஒரு நாள் தூசி தட்டறதுக்காகக் கழட்டி வச்சிருந்தேன், கொஞ்சம் வளைஞ்ச ரெக்கார்டு ஒண்ணு ஓடிக்கிட்டிருந்துச்சு, பாத்தா ஊஃபர் கோன் மூச்சு வாங்கற மாதிரி உள்ளயும் வெளியயும் போயிட்டு வருது, காதுல ஒரு சத்தமும் இல்ல. ரெக்கார்டு நிமிஷத்துக்கு முப்பத்து மூணேகால் சுத்துக்கு கொஞ்சம் மேல சுத்துது, வளைவு ஒரு சுத்துக்கு ஒரு தடவை வரும்போது அது 0.55 ஹெர்ட்ஸ், அதுக்கு மேல ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து ஆடற 8, 10 ஹெர்ட்ஸ் வேற, ப்ரீஆம்ப் பேஸை ஏத்தறதால இதெல்லாம் பெரிசாகி வெளில வருது. காதுக்கு எட்டாத இந்த அசைவுக்கு ஆம்ப்போட பவரும் கோனோட இடமும் செலவாகிப் போயிடுது, அதனால கேக்க வேண்டிய பேஸ் கலங்கிடும். லோ கட்டைப் போட்டேன், கோன் அப்படியே அடங்கி நின்னுச்சு, பேஸ் கிட்டார் கோடு போட்ட மாதிரி தனியா தெரிஞ்சது. பேஸ் போர்ட் வச்ச ஸ்பீக்கரோ சப் ஊஃபரோ வச்சிருக்கீங்கன்னா ஃபில்டர் இல்லாத டப்பாவை வாங்காதீங்க, இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ரெக்கார்டெல்லாம் தட்டையா இருக்கு, போர்ட் இல்லாத சின்ன சீல்டு ஸ்பீக்கர்தான்னா இல்லாமலே சமாளிக்கலாம்.

ஹம் வந்தா டப்பாவைத் திட்டறதுக்கு முன்னாடி கிரவுண்ட் வயரைப் பாருங்க. என்னோட முதல் டப்பாவை மாட்டின அன்னைக்கு சாயங்காலம் பூரா ம்ம்ம்னு ஒரு சத்தம், டோன்ஆர்மை விரலால தொட்டா பாதியா குறையுது, விட்டா திரும்ப வருது. கேபிளை மாத்திப் பாத்தேன், ப்ளக்கை வேற இடத்துல சொருகிப் பாத்தேன், ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தப்போதான் தெரிஞ்சது, டர்ன்டேபிள்ல இருந்து வர்ற மெல்லிசு வயரோட முனைல யு மாதிரி ஒரு கிளிப் இருக்குமே, அது திருகுக்கு அடில போகாம வயரோட ரப்பர் உறை மட்டும் மாட்டிக்கிட்டு இருந்துச்சு, உலோகம் உலோகத்தைத் தொடவே இல்ல. சரியா வச்சு முறுக்கினதும் சத்தம் நின்னுச்சு. அப்பவும் இடது பக்கம் லேசா ஒரு முனகல், அது அடாப்டர் கேபிள் மேல உக்காந்திருந்ததால, ஒரு முழம் தள்ளி வச்சேன், அதுவும் போச்சு. தொட்டா குறையற ஹம் கிரவுண்ட் பிரச்சனை, தொட்டாலும் மாறாம, டப்பாவை நகர்த்தும்போது கூடிக் குறையறது பக்கத்துல இருக்கற டிரான்ஸ்ஃபார்மரோ அடாப்டரோ, இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டா பாதி ரிட்டர்ன் மிச்சமாகும். ஆம்ப்புக்கு மேலயே ப்ரீஆம்ப்பை அடுக்காதீங்க, வைஃபை ரவுட்டர் பக்கத்துலயும் வேணாம்.

பழைய 78 ரெக்கார்டு நிறைய வச்சிருக்கறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: 1954க்கு முன்னாடி ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கர்வ்ல வெட்டினாங்க, இங்க சொன்ன எந்த டப்பாவும் அதுக்கானது இல்ல. கம்ப்யூட்டர்ல ஏத்தி சாஃப்ட்வேர்ல கர்வ் மாத்திக்கறதுதான் சிக்கனமான வழி, கூடவே 78க்கான தனி ஊசியும் வேணும்.

வாங்கினதும் முதல் நாளே, திருப்பி அனுப்பற கெடு முடியறதுக்குள்ள ஒண்ணு செய்யுங்க. ஊசியைத் தூக்கி வச்சுட்டு, நீங்க வழக்கமா கேக்கற வால்யூமுக்கு வைங்க, உக்கார்ற இடத்துல இருந்து கேளுங்க, ஒண்ணும் கேக்கலன்னா நல்லது. அங்கயே ஸ்ஸ்னு வந்தா அந்த டப்பா உங்களுக்கு வேணாம். ட்வீட்டர்ல காதை வச்சு கேட்டா எதுலயும் கொஞ்சம் வரும், அதைப் பாத்து கவலைப்படாதீங்க. அப்பறம் ரெக்கார்டோட கடைசிப் பாட்டைப் போடுங்க, உள் வட்டத்துல இருக்கறதுதான் கஷ்டமான பகுதி, அங்க ச, ஷ எல்லாம் கிழியுதுன்னா அது பெரும்பாலும் ஊசியோட அலைன்மென்ட், ப்ரீஆம்ப் இல்ல.

இன்னும் பட்ஜெட்ல கொஞ்சம் மிச்சமிருந்தா மேல இருக்கற டப்பாவுக்குத் தாவாதீங்க, ஊசிக்குப் போடுங்க. விஎம்95 வரிசைல பாடி ஒண்ணுதான், ஊசியை மட்டும் உருவிட்டு, பள்ளத்தை இன்னும் நுணுக்கமா வாசிக்கற மைக்ரோலைன் ஊசி போடலாம், 2எம் ரெட் பாடில 2எம் ப்ளூ ஊசி அப்படியே உக்காரும். என் டேபிள்ல இப்போ இருக்கறது டிஜே ப்ரீ 2, ஸ்விட்ச் 100ல, லோ கட் ஆன்ல, முன்னாடி விஎம்95 பாடில மைக்ரோலைன் ஊசி. அந்த ஊசி போட்ட அன்னைக்கு உள் வட்டத்துப் பாட்டுல கேட்ட வித்தியாசம், நான் மாத்தின எந்த ப்ரீஆம்ப்லயும் கேட்டதில்ல.